உப்புத்தாள் எந்தப் பக்கத்தில்?

காட்டூரில் தஞ்சாவூர் ரோட்டை ஒட்டி நான் டீ குடிக்கும் கடையில் பெஞ்சு ஒன்றுதான். காலை ஆறரை மணிக்கு அதில் எனக்கு இடம் பிடித்து வைப்பவர், துவாக்குடி சிட்கோவில் பாய்லர் உதிரி வேலை எடுத்துச் செய்த ஒரு பட்டறையில் ஸ்டோர் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். எனக்கு அண்ணன் முறை என்று நாங்களாகவே வைத்துக்கொண்டோம். போன வாரம் கிளாஸ் கைக்கு வருவதற்கு முன்பே கேள்வி வந்தது.

"மூணு வாரமா ராத்திரி ஒரு மணி வரைக்கும் உங்க மாடியில லைட் எரியுது. என்னப்பா எழுதுற?"

"எழுதி முடிச்சாச்சுண்ணே. இப்ப இன்டெக்ஸ் போட்டுக்கிட்டு இருக்கேன்."

"இன்டெக்ஸா? அது கடைசி நாலு பக்கம். அதுக்கு மூணு வாரமா?"

பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருந்தது. இரண்டாவது டீ சொல்லிவிட்டு ஆரம்பித்தேன். லாரி சத்தத்தில் அவருக்குக் கேட்காமல் போனதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

முதலில் லைப்ரரி என்ற சொல்லையே விளக்க வேண்டியிருந்தது. நிரல் எழுதுகிறவர்கள் வாயில் லைப்ரரி என்றால், யாரோ ஏற்கெனவே எழுதி, சோதித்து, எடுத்துக்கொள் என்று வைத்துவிட்டுப் போன சின்னச் சின்ன நிரல்களின் தொகுப்பு. ஓப்பன்-தமிழ் என்று பைத்தான் மொழியில் ஒன்று இருக்கிறது. எழில் நிரல்மொழியை உருவாக்கிய முத்து அண்ணாமலையும் நண்பர்களும் தொடங்கியது. 'தமிழ்' என்ற சொல் நமக்கு மூன்று எழுத்து. கணினிக்கு ஐந்து: த, ம, இகரக் கொக்கி, ழ, புள்ளி. விவரம் தெரியாமல் அந்தச் சொல்லைத் திருப்பிப் போடச் சொன்னால் புள்ளி முதலில் வந்து அந்தரத்தில் நிற்கும். ஓப்பன்-தமிழில் 'கெட் லெட்டர்ஸ்' என்ற கருவி அதை ஒழுங்காக த, மி, ழ் என்று மூன்றாகப் பிரித்துக் கொடுத்துவிடும். உயிர்மெய்யை மெய்யும் உயிருமாக உடைக்க ஒன்று, எண்ணைத் தமிழ்ச் சொல்லாக மாற்ற ஒன்று என்று உள்ளே நிறைய உண்டு. பக்கத்துக் கல்லூரிப் பிள்ளைகள் சிலருக்காக இதற்குத் தமிழில் ஒரு கையேடு எழுதியிருந்தேன். லைட் எரிந்தது அதன் இன்டெக்ஸுக்காகத்தான்.

இப்படிப்பட்ட கையேட்டை யாரும் முதல் பக்கத்திலிருந்து படிப்பதில்லை. வேலை நடுவில் சிக்கிக்கொள்ளும்போது திறப்பார்கள், வேண்டிய நாலு வரியைப் பார்ப்பார்கள், மூடுவார்கள். அந்த நாலு வரி எங்கே இருக்கிறது என்பதுதான் அவர்களுக்கு மொத்தப் பிரச்சினையும். முன்பக்கத்துப் பொருளடக்கம் உதவும்தான். ஆனால் அது எழுதியவன் மனத்தில் விஷயம் எப்படி அடுக்கியிருக்கிறதோ அப்படி இருக்கும். தேடி வருகிறவன் வேறு அடுக்கோடு வருவான், வேறு சொல்லோடும் வருவான்.

அண்ணன் இந்த இடத்தில் கையைத் தூக்கி நிறுத்தினார். "உப்புத்தாள்" என்றார்.

அவருடைய ஸ்டோர் லெட்ஜரில் இருந்த பெயர் 'அப்ரேசிவ் பேப்பர்'. ஜன்னலில் வந்து நிற்கிற ஒரு ஃபிட்டரும் அந்தப் பெயரைச் சொன்னதில்லை. உப்புத்தாள் என்பார்கள். கேஸ்கெட்டைப் பேக்கிங் என்பார்கள். வாஷர் எல்லோருக்கும் வைசர்தான். புதிதாக வேலைக்கு வந்த பையன் லெட்ஜரைப் புரட்டிவிட்டு "ஸ்டாக் இல்லை" என்று சொல்லி அனுப்பிவிடுவான். பெட்டி அவன் முதுகுக்குப் பின்னால் இருக்கும்.

"நீங்க என்னண்ணே செஞ்சீங்க?"

"பின் கார்டு மூலையில பென்சில்ல எழுதி வச்சேன். உப்புத்தாள்னு."

நான் மூன்று வாரமாகச் செய்துகொண்டிருந்தது அந்தப் பென்சில் வேலைதான். பக்கத்தில் இல்லாத சொல்லால் பக்கத்தைக் கண்டுபிடிக்க வைப்பது. கணினியில் 'தேடு' என்று ஒரு பெட்டி இருக்கிறதே, அது போதாதா என்று இளம் நண்பர்கள் கேட்கிறார்கள். தேடுகிற பெட்டி, நீங்கள் கொடுத்த எழுத்துகள் அப்படியே எங்கே இருக்கின்றன என்று பார்க்கும். கையேட்டில் 'தலைகீழ்' என்று நான் எழுதியிருக்க, மாணவன் 'திருப்பிப் போடு' என்று தேடினால் வெறுங்கையோடு போவான். தமிழில் இன்னொரு தொல்லையும் உண்டு: 'மரம்' என்று தேடுகிறவனுக்கு மரத்தை, மரத்தில், மரங்கள் எதுவும் அகப்படாது. எதிர்ப்பக்கம், 'எழுத்து' என்று தேடினால் பக்கத்துக்குப் பத்து இடம் வந்து நிற்கும். எங்கே விளக்கம் இருக்கிறது, எங்கே பேச்சுவாக்கில் வந்தது என்று பெட்டிக்குத் தெரியாது. அதைத் தெரிந்த ஒருவர் உட்கார்ந்து சொல்லிவைக்க வேண்டும்.

சொல்லிவைப்பதற்கான வழிதான் குறியிடுதல். பழைய முறையை நினைத்துப் பாருங்கள். உ.வே.சா. பதிப்புகளின் பின்பகுதியில் அரும்பத அகராதி, பாட்டு முதற்குறிப்பு அகராதி என்று வரிசையாக இருக்கும். அந்தக் காலத்தில் அப்படி ஒன்றைச் செய்யச் சீட்டுச் சீட்டாகச் சொல்லை எழுதி, அகரவரிசையில் அடுக்கி, அச்சுப் படிவம் வந்த பிறகு பக்க எண்ணைப் போட வேண்டும். நடுவில் நாலு வரி சேர்ந்தால் அதற்குப் பின்னால் உள்ள எண் எல்லாம் நகர்ந்துவிடும். கணினி வந்ததும் வேலையைத் தலைகீழாக்கினார்கள். சீட்டை வெளியே வைக்காமல் மூலப் பிரதிக்குள்ளேயே, அந்தப் பத்தியின் தலையிலேயே ஒட்டிவிடுவது. அச்சில் அது கண்ணுக்குத் தெரியாது. பத்தி எங்கே நகர்ந்தாலும் சீட்டும் கூடவே போகும். எல்லாம் முடிந்ததும் ஒரு நிரல் சீட்டுகளைப் பொறுக்கி, அடுக்கி, எண் போட்டுக் கொடுக்கும். லேடெக் என்ற அச்சுக்கோப்பு முறையில் எழுதுகிறவர்களுக்கு இப்படிப் பொறுக்கி அடுக்குவதற்காக 1980-களில் பெர்க்கிலியில் பேஹாங் சென் எழுதிய மேக்-இன்டெக்ஸ் இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது.

பைத்தான் மொழியின் லைப்ரரி கையேடும் முதலில் லேடெக்கில்தான் இருந்தது. பல ஆண்டுகள் அந்த ஆவணங்களைப் பார்த்துக்கொண்ட ஃபிரெட் டிரேக் காலத்தில் அதற்கென்றே குறிகள் புழங்கின. சொல் ஒன்றைக் கொடுத்தால் ஒரு பதிவு தரும் குறி, இரண்டைக் கொடுத்தால் இரண்டு பதிவு தரும் குறி, மூன்றைக் கொடுத்தால் மூன்று பதிவு. இரட்டைக் குறியில் 'எழுத்து', 'பிரித்தல்' என்று கொடுத்தால் அடைவில், அதாவது இன்டெக்ஸில், எழுத்து என்ற தலைச்சொல்லின் கீழ் பிரித்தல் வரும். பிரித்தல் என்பதன் கீழ் எழுத்தும் வரும். எந்தக் கதவைத் தட்டினாலும் அதே அறை. 2007-ல் கையேடு முழுவதையும் வேறு எழுத்துமுறைக்கு மாற்றினார்கள். அதற்காக ஜியார்க் பிராண்டல் எழுதிய ஸ்பிங்க்ஸ் என்ற கருவி 2008-ல் வெளியானது. பெயர்கள் மாறினாலும் ஒற்றை, இரட்டை, மூவகைக் குறி அப்படியே தொடர்ந்தன. என் கையேடும் ஸ்பிங்க்ஸில்தான்.

"சரி, ஒட்ட வேண்டியதுதானே?" என்றார் அண்ணன். "அதுல என்ன கஷ்டம்?"

நானும் அப்படித்தான் நினைத்தேன். முதல் வாரம் சோம்பேறித்தனமாக ஒரு குட்டி நிரல் எழுதி, முக்கியமான முப்பது சொற்கள் எங்கெல்லாம் வருகின்றனவோ அங்கெல்லாம் குறி விழும்படி செய்தேன். அடைவைப் பார்த்தபோது 'எழுத்து' என்ற சொல்லுக்குப் பக்கத்தில் ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசையாகச் சுட்டி எண்கள், இரண்டு வரிக்கு. அச்சுப் புத்தகமாக இருந்தால் பக்க எண்ணாவது இருக்கும்; அறுபதாம் பக்கம் என்றால் பின்பகுதி என்று ஊகிக்கலாம். திரையில் வெறும் எண்கள். மாணவன் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்க்க வேண்டும். மூன்றாவதில் விட்டுவிட்டுப் போய்விடுவான். ஆக, திருத்த வேலையின் முதல் பாதி குறிகளைப் பிடுங்குவது. பேச்சுவாக்கில் வந்த இடத்தில் குறி வேண்டாம். விளக்கம் இருக்கும் இடத்தில் ஒன்று போதும். இரண்டு மூன்று இடம் தவிர்க்க முடியாவிட்டால், எது முதன்மை என்று காட்ட ஸ்பிங்க்ஸில் வழி இருக்கிறது: குறியின் முன்னால் ஓர் ஆச்சரியக்குறி போட்டால் அந்தச் சுட்டி தடித்த எழுத்தில் வரும். தெரிந்தவர்கள் குறைவு, பயன்படுத்துபவர்கள் அதைவிடக் குறைவு.

குறியை எங்கே ஒட்டுகிறோம் என்பதும் உண்டு. தலைப்புக்குக் கீழே ஒட்டினால், சுட்டியைத் தட்டியதும் திரை தலைப்பைத் தாண்டிப் பாதியில் போய் நிற்கும். வந்தவருக்கு எந்த வீட்டுக்குள் நுழைந்தோம் என்றே தெரியாது. தலைப்புக்கு முந்தைய வரியில் ஒட்ட வேண்டும். இதைத் திருத்தவே எனக்கு ஓர் இரவு போனது.

அடுத்தது ஒரே பெயர்க் குழப்பம். திருச்சியில் நாம் காட்டூர் என்றால் இது. கோயம்புத்தூர்க்காரருக்குக் காட்டூர் வேறு. கடிதத்தில் ஊர்ப் பெயருக்குப் பக்கத்தில் மாவட்டம் போடுகிறோமே, அதே கதை. பைத்தான் லைப்ரரியில் 'காபி' என்ற பெயரில் பல கருவிகள் உண்டு. நகலெடுப்பதற்கென்றே உள்ள தொகுப்பில் ஒன்று, அகராதி வகைத் தரவுக்கு ஒன்று, கோப்பை நகலெடுக்க ஒன்று. அடைவில் வெறுமனே காபி, காபி, காபி என்று போட்டால் யாருக்கு என்ன பயன்? ஒவ்வொன்றுக்கும் எந்தத் தொகுப்பில் உள்ளது என்று பக்கத்தில் காட்டுகிறார்கள். நானும் அதையே பின்பற்றினேன்.

பெயரே தெரியாத பொருளை என்ன சொல்லித் தேடுவது? இது எனக்குப் பிடித்த கேள்வி. யாரோ எழுதிய நிரலில் இரண்டு நட்சத்திரக் குறி அடுத்தடுத்து நிற்கிறது. அதன் பெயர் தெரிந்தால் அல்லவா அடைவில் பார்க்க முடியும்? கண்ணுக்குத் தெரிவது குறி மட்டும்தான். 2018-ல் பைத்தான் கையேட்டில் இப்படிப்பட்ட குறியீடுகளுக்கு அடைவில் இடம் கொடுக்கும் வேலையைத் தனியாகவே எடுத்துச் செய்தார்கள். இப்போது அடைவின் தலையிலேயே குறியீடுகள் என்று ஒரு பகுதி இருக்கிறது. சதவீதக் குறியை அங்கே பார்த்தால் அதன் கீழே தேதி வடிவம், விண்டோஸ் சூழல் மாறிகள், அமைப்புக் கோப்பு, கணக்கு, பழைய பாணி எழுத்து வடிவமைப்பு என்று தனித்தனியாகக் கிடைக்கும். கையேட்டின் விளக்கத்தில் ஒரு வரியும் மாறவில்லை. ஆனால் அதுவரை வழியே இல்லாத இடங்களுக்கு வழி கிடைத்தது. நான் இதைப் பார்த்துவிட்டு என் கையேட்டில் ஆய்தத்துக்கும், புள்ளிக்கும், ஒற்றைக்கொம்பு இரட்டைக்கொம்புக்கும் பதிவு போட்டேன்.

தமிழில் குறியிடும்போது ஆங்கிலக் கையேடு எதுவும் சொல்லித்தராத வம்புகள் வரும். 'சொற்களை எழுத்துகளாகப் பிரித்தல்' என்பது நல்ல தலைப்பு. அதை மூவகைக் குறியில் போட்டுச் சுழற்றினால் 'எழுத்துகளாகப்' என்று ஒரு தலைச்சொல் வந்து நிற்கும், வால் நுனியில் ப் தொங்க. அடுத்த சொல்லுக்காக வந்த ஒற்று, அந்தச் சொல் போன பிறகும் போகாமல் நிற்கிறது. கலியாணம் முடிந்தும் பந்தலைப் பிரிக்காத வீடு மாதிரி. வேற்றுமை உருபையும் சந்தியையும் கழற்றிவிட்டு, சொல், எழுத்து, பிரித்தல் என்று மொட்டையாகக் கொடுத்தால்தான் சுழலும். பிறகு எழுத்துகளா, எழுத்துக்களா? இரண்டையும் எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். இலக்கணச் சண்டையை வேறிடத்தில் வைத்துக்கொள்ளலாம். அடைவில் ஒன்றைத் தலைச்சொல்லாக வைத்து, இன்னொன்றின் இடத்தில் 'அதைப் பார்க்க' என்று ஒரு கைகாட்டி நட வேண்டும். அதற்கும் தனிக் குறி உண்டு. அட்சரம் என்று தேடுபவர் எழுத்துக்கு வரட்டும். ஸ்ட்ரிங் என்று தேடுபவர் சரத்துக்கு வரட்டும். கல்லூரியில் ஸ்ட்ரிங் என்றுதான் சொல்லிக்கொடுக்கிறார்கள், நான் மட்டும் சரம் என்று எழுதிவிட்டு அவர்களைக் குறை சொல்ல முடியாது. தூய தமிழில் கையேடு எழுதுகிற நண்பர்கள் இந்தக் கைகாட்டிகளைக் கௌரவக் குறைவாக நினைக்கிறார்கள். எனக்கு அது புரிவதில்லை.

இரண்டாம் டீயும் முடிந்திருந்தது. அண்ணன் ஒரு வடையைப் பிட்டு எனக்குப் பாதி கொடுத்தார். "எல்லாம் ஒட்டியாச்சு. அப்புறம்?"

அப்புறம்தான் அகரவரிசை. சீட்டைப் பொறுக்குகிற நிரலுக்கு நம் வரிசை தெரியாது. அதற்குத் தெரிந்தது ஒவ்வொரு எழுத்துக்கும் யூனிகோடு கொடுத்த எண். அந்த எண்கள் இந்திய எழுத்துகள் எல்லாவற்றையும் ஒரே சட்டத்தில் பொருத்திய இஸ்கி என்ற 1988-ஆம் ஆண்டுத் தரத்தை ஒட்டி வந்தவை. அந்தச் சட்டத்தில் ன என்பது ந-வுக்குப் பக்கத்து வீடு, ற என்பது ர-வுக்கு, ள-வும் ழ-வும் ல-வுக்கு. நம் பள்ளிக்கூடத்து வரிசையில் ழ, ள, ற, ன நான்கும் வ-வுக்குப் பிறகு கடைசியில் நிற்பவை. மரம், மலர், மழை, மறை, மனம் என்று ஒரு தமிழ் அகராதி அடுக்கும். எண்ணை மட்டும் பார்க்கும் கணினி மனம், மரம், மறை, மலர், மழை என்று அடுக்கும். புள்ளிக்குக் கொடுத்த எண் மெய்யெழுத்துகளின் எண்ணைவிடப் பெரிது என்பதால் அகம் முன்னால் போய் அக்கா பின்னால் வருவாள். தமிழ் அகராதியிலோ அக்காதான் முதலில்.

ஸ்பிங்க்ஸ் இதில் இன்னொரு படி ஏறிவிட்டது. பிரெஞ்சு எழுத்தின் தலையில் இருக்கும் கோட்டைக் கழற்றிவிட்டு அதை வெறும் எழுத்தோடு சேர்த்து அடுக்குவதற்காக, ஒவ்வொரு எழுத்தையும் உறுப்பு உறுப்பாகப் பிரித்துப் பார்க்கும். ஐரோப்பிய மொழிகளுக்கு நல்ல ஏற்பாடு. ஆனால் யூனிகோடு கணக்கில் ஒகரக் குறி என்பது ஒற்றைக்கொம்பும் காலும் சேர்ந்தது. பிரித்தால் கொடி என்பது கெ-வுக்குப் பின்னால் கால் போட்ட ஒன்றாகி, கேணிக்கும் கைக்கும் முன்னால் போய் உட்கார்ந்துவிடும். ஔ என்ற எழுத்தையும் ஒ என்றும் ஒரு வால் என்றும் பிரிக்கும். ஔவையாரை நான் ஔ வரிசையில் தேடினேன். கிழவி ஒ வரிசையில் இருந்தாள்.

இது நேற்று வந்த தொல்லை இல்லை என்று சொன்னால் அண்ணன் நம்பவில்லை. நம் பழைய நிகண்டுகள் செய்யுளில் இருந்தவை, பொருள் வகையாகத் தொகுத்தவை; மனப்பாடம் செய்தவனுக்குத்தான் பயன்படும். 1594-ல் இரேவண சித்தர் அகராதி நிகண்டு என்று ஒன்று செய்தார். சொற்களை அகரம் முதலாக அடுக்கினார், ஆனால் முதலெழுத்தை மட்டும் பார்த்து. க-வில் தொடங்குபவை எல்லாம் ஒரு கூட்டம். கூட்டத்துக்குள் இரண்டாம் எழுத்து, மூன்றாம் எழுத்து வரிசை கிடையாது. பாதி வழி திறந்த கதவு. 1732-ல் வீரமாமுனிவர் சதுரகராதியில் அதை முழுதாகத் திறந்தார். நமக்குப் பக்கத்தில், கொள்ளிடத்தின் வடகரையில் ஏலாக்குறிச்சியில் இருந்தவர்தானே அவர். எகர ஏகாரங்களையும் ஒகர ஓகாரங்களையும் பார்த்தவுடன் பிரித்தறியும்படி எழுத்து வடிவத்தைத் திருத்தியவர் என்றும் அவரைத்தான் சொல்வார்கள். எழுத்தே குழம்பினால் வரிசை எங்கே நிற்கும்?

சதுரகராதி என்ற பெயரில் இருக்கும் சதுர் என்பது நான்கு. பெயர், பொருள், தொகை, தொடை. சொல் தெரியும், பொருள் வேண்டும் என்பவருக்குப் பெயரகராதி. பொருள் தெரியும், அதற்கு என்னென்ன பெயர் என்பவருக்குப் பொருளகராதி. முக்கனி, அறுசுவை போன்ற தொகைகளுக்கு மூன்றாவது. எதுகைக்குச் சொல் தேடும் புலவருக்கு நான்காவது. ஒரே சரக்கு, தேடி வருகிறவன் எந்தப் பக்கமிருந்து வருகிறான் என்பதைப் பார்த்து நான்கு வாசல். குனு சி லைப்ரரியின் கையேட்டைத் திறந்தால் பின்னால் கருத்துகளுக்கு ஒன்று, தரவு வகைகளுக்கு ஒன்று, செயற்கூறுகளுக்கு ஒன்று, மாறிகளுக்கு ஒன்று, நிரல்-கோப்புப் பெயர்களுக்கு ஒன்று என்று தனித்தனி அடைவுகள் இருக்கும். வெள்ளைக்காரன் கண்டுபிடித்த புது உத்தி என்று அதை நான் இருபது வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன். அவனுக்கு முன்னால் இன்னொரு வெள்ளைக்காரர் நம் ஊர்ப் பக்கம் காவி கட்டிக்கொண்டு செய்துவைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

வரிசைத் தொல்லைக்கு என் தீர்வு எளிது. மேக்-இன்டெக்ஸில் குறிக்குள்ளேயே, அடுக்குவதற்கு ஒரு வடிவம், காட்டுவதற்கு ஒரு வடிவம் என்று இரண்டு கொடுக்கலாம். அந்த யோசனையைக் கடன் வாங்கினேன். உயிர் பன்னிரண்டு, ஆய்தம் ஒன்று, மெய் பதினெட்டு, உயிர்மெய் 216, ஆக 247 எழுத்துக்கும் அகராதி வரிசைப்படி ஓர் எண் கொடுத்தேன். கிரந்த எழுத்துகள் கடைசியில். ஒவ்வொரு தலைச்சொல்லையும் எழுத்தெழுத்தாகப் பிரித்து, அந்த எண்களைக் கோத்து, அதை வைத்து அடுக்கச் சொன்னேன். எழுத்தெழுத்தாகப் பிரிப்பதற்கு வேறெங்கும் போகவில்லை. நான் எதற்குக் கையேடு எழுதிக்கொண்டிருந்தேனோ அதே லைப்ரரியின் கெட் லெட்டர்ஸ்தான். மழைக்குப் பின்னால் மனம் வந்தது. ஔவையும் தன் வீட்டுக்குத் திரும்பினாள்.

"எண்ணை எழுத்தா மாத்துறது ஒண்ணு இருக்குன்னு சொன்னியே, அது என்ன?" என்று கேட்டார் அண்ணன். பஸ் வருகிறதா என்று நான் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சொன்னேன். எண்ணைக் கொடுத்தால் லட்சம், கோடி என்று நம் முறையில் சொல்லாக எழுதித் தரும். மில்லியன், பில்லியன் முறைக்குத் தனியாக இன்னொன்று. அடைவில் இதை எண் என்பதன் கீழும், சொல் என்பதன் கீழும், மாற்றுதல் என்பதன் கீழும், லட்சம், கோடி, மில்லியன் என்ற தலைச்சொற்களிலும் போட்டிருந்தேன். எனக்குக் கொஞ்சம் பெருமையாகவே இருந்தது.

"இது பில்லுல போடுறதுதானே. ரூபாய் எழுத்தால்."

"எழுத்தால்?"

"வவுச்சர்ல ரெண்டு எடம் இருக்கும்பா. எண்ணால், எழுத்தால். எழுத்தால்ங்கிற எடத்தை நிரப்பாம வந்தா காசு தரமாட்டேன். உன் பையன்களுக்கு இது எதுக்கு வேணும்? ரசீது அடிக்கத்தானே வேணும்? எழுத்தால்னு போட்டிருக்கியா?"

போடவில்லை. கையேட்டின் எந்தப் பக்கத்திலும் அந்தச் சொல் இல்லை. பஸ்ஸை விட்டுவிட்டேன். பெஞ்சிலேயே மடிக்கணினியைத் திறந்து, எண்கள் பகுதியின் தலைப்புக்கு மேலே 'எழுத்தால்; ரூபாய்' என்று ஓர் இரட்டைக் குறியை ஒட்டினேன். ரசீது, வவுச்சர், காசோலை என்று மூன்று கைகாட்டிகளையும் அவரே சொல்லச் சொல்லச் சேர்த்தேன். நாளைக்கு மீதிப் பட்டியலை ஒரு தாளில் எடுத்து வருவதாகச் சொல்லியிருக்கிறேன். அண்ணன் பென்சில் கொண்டு வருகிறாராம்.